படகு நிரம்பிவிட்டது

அப்டேட் வருகிறது என்ற அறிவிப்பைப் பார்த்ததும் என் வாயில் வந்தது நல்ல வார்த்தை இல்லை. எதிரே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார், உள்ளே பல் டாக்டரின் டிரில் ஓடிக்கொண்டிருந்தது, அதனால் விழுங்கிக்கொண்டேன். புதிய துறைமுகங்களாம், புதிய வானிலையாம், இதுவரை இல்லாத அனுபவமாம். கேட்டோமா? நாங்கள் யாராவது கேட்டோமா? இருக்கிறதை ஒழுங்காக ஓடவிட்டால் போதாதா இந்தக் கம்பெனிக்காரர்களுக்கு!

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது ஒரு வீடியோ கேம். கிளினிக் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும், தலை பாதி நரைத்த பெண்ணுக்கு இதில் என்ன அப்படி ஒரு பதற்றம் என்று என் வீட்டுக்காரரே கேட்பார். "உனக்கு வர்ற டென்ஷனைப் பாத்தா நிஜமாவே கப்பல் கம்பெனி நடத்துற மாதிரி இருக்கு" என்பார். அவருக்கென்ன, சிரிப்பார். எனக்குத்தான் தெரியும், அந்தப் படகு நின்றால் என்னவெல்லாம் நிற்கும் என்று.

அது ஒரு சரக்குப் படகு விளையாட்டு. ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும், இன்னொருவர் இன்ஜினைக் கவனிக்க வேண்டும். கடலைக் கடந்து சரக்கைக் கொண்டுபோய் இறக்க வேண்டும். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு அவரவர் வீட்டிலிருந்தே பேசிக்கொள்ளலாம். படகில் இரண்டே பேருக்குத்தான் இடம். நாங்கள் மூன்று பேர்: நான், எனக்கு அடுத்தவனான பெரியவன், கடைசியாகப் பிறந்த சின்னவன். மூன்றாவது ஆளுக்கு இடம் கொடுக்கக் கம்பெனிக்கு மனசில்லை. ஆனால் எங்கோ ஒரு புண்ணியவான், இந்த விளையாட்டின் ரசிகன், தன் சொந்த நேரத்தில் உட்கார்ந்து ஒரு மாட் எழுதி வைத்திருந்தான். மாட் என்றால் வேறொன்றுமில்லை, விளையாட்டில் இல்லாததை வெளியாள் ஒருவர் எழுதிச் சேர்ப்பது. அதைப் போட்டால் படகின் பின்பக்கம் மூன்றாவதாக ஓர் இருக்கை முளைக்கும். அதில் உட்கார்ந்து நான் கயிறு கட்டுவேன், சரக்கு ஏற்றுவேன், இரண்டு பேருக்கும் நடுவே பேசுவேன்.

என் தம்பிகள் இரண்டு பேரும் பேசிக்கொள்வது உலகத்திலேயே அந்தப் படகில் மட்டும்தான்.

சண்டை அம்மாவை வைத்து வந்தது. அப்பா போனபிறகு முறை வைத்து அம்மாவைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. முறை முடிவதற்குள் பெரியவன் கொண்டுவந்து தள்ளப் பார்த்தான் என்று சின்னவன் சொன்னான். முறை வந்தபோது சின்னவன் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டான் என்று பெரியவன் சொன்னான். இரண்டுமே உண்மை. அம்மாவைக் காரில் உட்கார வைத்துக்கொண்டு பூட்டிய கதவின் முன்னால் நின்ற பெரியவன், அங்கிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தான். "கொஞ்ச நாள்தான்க்கா" என்றான். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

சண்டை தன்னை வைத்துத்தான் என்பது அம்மாவுக்குத் தெரியாது; சின்னவன் அவசர வேலையாக ஊருக்குப் போயிருந்தான் என்றுதான் நினைத்தாள். தம்பிகளுக்குள் ஒரு கார் விற்ற விஷயத்தில் ஏதோ மனஸ்தாபம் என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அம்மா அதை அப்படியே நம்பினாள். "ஒருத்தன் வீட்டுக்குப் போனா இன்னொருத்தன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவான். ரெண்டு பேரும் ஒண்ணா ஆகட்டும், அப்புறம் போறேன்" என்று அவளே ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டாள். எனக்கு அது வசதியாகப் போயிற்று.

அவர்களைப் படகில் ஏற்ற நான் பட்ட பாடு கொஞ்சமா? பெரியவனிடம், "சின்னவன் பாவம்டா, தனியா ஓட்டிட்டுக் கிடக்கான்" என்றேன். சின்னவனிடம், "பெரியவனுக்கு வேலையில ஏதோ பிரச்சினை போல, நாலு வார்த்தை பேசினா ஆறுதலா இருக்கும்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். முதல் சில வாரங்கள் இரண்டு பேரும் பேசியதெல்லாம் "இடது", "வலது", "டீசல் தீருது" மட்டும்தான். மீதியெல்லாம் என் வழியாக. "அக்கா, அவனை வேகத்தைக் குறைக்கச் சொல்லு." "அக்கா, கண்ணு தெரியுதான்னு கேளு." ஒரே படகில் இருந்துகொண்டு!

அதற்கே அம்மா பூரித்துப் போனாள். ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் காது மெஷினை மாட்டிக்கொண்டு, நாற்காலியை என் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். நான் ஸ்பீக்கரில் போடுவேன். விளையாட்டில் ஒரு மண்ணும் புரியாது. திரையைப் பார்க்கவும் மாட்டாள், கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். "இப்ப இடதுன்னு சொன்னது பெரியவன்தானே? தொண்டை கட்டியிருக்கு போல" என்பாள். "சின்னவன் பதில் சொன்னானா?" என்பாள். "சொன்னாம்மா, வலதுன்னான்" என்றால் அப்படி ஒரு சிரிப்பு.

ஆகவே மூன்று பேரின் கம்ப்யூட்டரும் எப்போதும் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். ஒரே பதிப்பு, ஒரே மாட்கள், அதே வரிசை. ஒன்று மாறினாலும் படகில் ஏற முடியாது. அந்த வேலை முழுக்க என் தலையில். அதிலும் இவர்களுடைய கூத்து இருக்கிறதே! பெரியவனுக்கு மழை ஆகாது, மழையை நிறுத்துகிற மாட் வேண்டும். சின்னவனுக்குப் புயல் இல்லாவிட்டால் கடலே இல்லை, புயல் மாட் வேண்டும். இரண்டையும் போட்டால், பட்டியலில் கடைசியாக இருப்பது எதுவோ அதுதான் ஜெயிக்கும். யாருடையது கடைசி என்பதற்கு ஒரு சண்டை. நான் ஒரு வாரம் மழையை நிறுத்துவேன், மறு வாரம் புயலை விடுவேன். "உங்க ரெண்டு பேருக்கும் நான் வானிலையாடா மாத்திட்டு இருக்கணும்?" என்று கத்துவேன், மாற்றியும் வைப்பேன்.

சரி, அப்டேட்டுக்கு வருகிறேன். அப்டேட் வந்தால் மாட் உடையும் என்பது மாட் போடுகிற எல்லாருக்கும் தெரிந்ததுதான். கம்பெனிக்காரன் உள்ளே ஏதாவது ஒன்றைத் தள்ளி வைத்திருப்பான், மாட் பழைய இடத்திலேயே போய்த் தேடிவிட்டு விழுந்துவிடும். மழையும் புயலும் உடைந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். மூன்றாவது இருக்கை உடைந்தால்? அன்றே இரண்டு பேருக்கும் போன் போட்டேன்.

"ஆட்டோமேட்டிக் அப்டேட்டை நிறுத்து. நான் சொல்ற வரைக்கும் கை வைக்காத" என்றேன்.

"நீ சொல்லாம நான் தொடுவேனாக்கா?" என்றான் சின்னவன்.

"எனக்கு எங்கக்கா நேரம், நீ பாத்துச் சொல்லு" என்றான் பெரியவன்.

இருக்கை மாட் எழுதியவனின் பக்கத்துக்குப் போனேன். என்னைப்போலவே நாதியற்ற கூட்டம் ஒன்று அங்கே ஏற்கெனவே புலம்பிக்கொண்டிருந்தது. "எப்போது சரிசெய்வாய்?", "இன்னுமா ஆகவில்லை?", "வேலை தெரியாவிட்டால் எதற்கு எழுதினாய்?" என்று ஆளாளுக்கு விரட்டல். ஓசியில் வாங்கிக்கொண்டு அதட்டல் வேறு. அவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: வீடு மாறிக்கொண்டிருக்கிறேன், முடிந்தபோது பார்க்கிறேன். நான் கோபப்படவில்லை. "தம்பி, மெதுவாகச் செய்யுங்கள். ஆனால் கைவிட்டுவிடாதீர்கள்" என்று எழுதினேன். அவன் வயது என்னவோ, தம்பிதானோ, யார் கண்டது.

அந்த ஞாயிறு பெரியவனுக்கு ஏதோ வேலை. சின்னவனுக்குத் தலைவலி. பழைய பதிப்பிலேயே ஓட்டலாமே என்றேன், அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார்கள். அடுத்த வாரமும் அதே கதை. நான் விளையாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன், நண்பர்கள் பட்டியலில் இரண்டு பெயரும் சாம்பல் நிறத்தில் அணைந்தே கிடந்தன. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, சத்தமே காணோம்?" என்றாள்.

"புதுசா ஏதோ வந்திருக்கும்மா, அதனால நம்மளுது ரிப்பேர். சரி பண்ணிட்டு இருக்காங்க."

"மறுபடியும் சண்டை போட்டுக்கலையே?"

"அதெல்லாம் இல்லம்மா."

"உண்மையச் சொல்லு. போட்டுக்கிட்டாங்களா?"

என்ன சொல்லியும் அவள் நம்பவில்லை. வாரம் முழுக்கச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை அவளுக்கு. "என் காலத்துக்குள்ள இவனுங்க சேர மாட்டானுங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். கிளினிக்கில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்த மாட் பக்கத்திலேயே கிடந்தேன். இன்னொரு ஆள் அரைகுறையாக ஒட்டுப்போட்ட ஒன்றை எடுத்துவந்து, கிளினிக் கம்ப்யூட்டரில் புதிய பதிப்பை வேறொரு கணக்கில் ஏற்றிச் சோதித்தேன். இருக்கை வந்தது, ஆனால் உட்கார்ந்ததும் தொபீரென்ற சத்தத்தோடு கடலுக்குள் விழுந்தேன். டாக்டர் எட்டிப் பார்த்து, "யாரும்மா தண்ணிக்குள்ள?" என்றார். "நான்தான் சார்" என்றேன்.

கடைசியில் ஒரு ஞாயிறு காலை, அந்தப் புண்ணியவான் புதிய பதிப்புக்கான மாட்டை ஏற்றிவிட்டான். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் விளையாட்டை அப்டேட் செய்தேன். பழைய மாட்களை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, இருக்கையை மட்டும் தனியாகப் போட்டு ஓட்டிப் பார்த்தேன். உடையாமல் நின்றது. பிறகு என் கண்ணுக்கான பெரிய எழுத்து மாட், பிறகு மழை, பிறகு புயல். ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் திறந்து மூடி, எல்லாம் முடியும்போது மதியம் ஆகிவிட்டது. படகு கரையில் ஆடாமல் நின்றது, பின்பக்கம் என் இருக்கையோடு.

அப்போதுதான் நண்பர்கள் பட்டியலைப் பார்த்தேன். இரண்டு பெயரும் பச்சை நிறத்தில் எரிந்துகொண்டிருந்தன. பெரியவன், கடலில். சின்னவன், கடலில். கீழே ஒரு வரி: படகு நிரம்பிவிட்டது.

ஒரு நிமிடம் எனக்குப் புரியவே இல்லை. பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். பழைய பதிப்பில் இருப்பவர்களின் கண்ணுக்குப் புதிய பதிப்பில் இருப்பவர்கள் தெரியமாட்டார்கள். இவர்கள் எப்போதோ அப்டேட் செய்துவிட்டார்கள். எல்லாருக்கும் புத்தி சொன்ன நான் மட்டும் பழையதைக் கட்டிக்கொண்டு, அணைந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். நான் நடுவில் இல்லாமல், நான் பொய் சொல்லி இழுக்காமல், இரண்டு பேரும் தாங்களாகவே ஒரே படகில்! இதற்குத்தானே இவ்வளவு பாடும். என்னிடம் சொல்லாதது சுருக்கென்றது, இருந்தாலும் போகட்டும் என்று நினைத்தேன். சின்னவனுக்குப் போன் போட்டேன், கட் செய்தான். விளையாட்டு மும்முரம். மாட்டைப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, "சின்னவன் வீட்டுக்குப் போய் இதைப் போட்டுவிட்டுட்டு வர்றேம்மா" என்று கிளம்பினேன்.

"இன்னிக்கே கேக்கலாமா?" என்றாள் அம்மா.

"போட்டதும் போன் பண்றேன், ரெண்டு பேர்கிட்டயும் பேசலாம்" என்றேன். பஸ்ஸில் போகும்போதுகூட நான் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

சின்னவனின் பெண்டாட்டி கதவைத் திறந்தாள். "வாங்க அண்ணி" என்று சொன்னவள், வழியை விடாமல் நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. உள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம். பெரியவனின் குரல் ஸ்பீக்கரில் வீடு அதிரக் கேட்டது. இவன் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமாயிற்று! நான் அவளை மெல்ல நகர்த்திவிட்டு உள்ளே போனேன். சின்னவன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சுக்கான் பிடித்துக்கொண்டிருந்தான். திரையில் நல்ல வெயில், அமைதியான கடல்.

"அப்ப அம்மா விஷயத்தை இதோட விட்ருவோம்" என்றது பெரியவனின் குரல். "அக்கா வீட்டுல அவங்களுக்குப் பழகிருச்சு. நீயும் கூப்பிடாத, நானும் கூப்பிடல. அதுக்கப்புறம் நமக்குள்ள என்னடா சண்டை?"

"அதேதான் நானும் சொல்றேன்" என்றான் சின்னவன். "நம்ம ரெண்டு பேரும் முட்டாளுங்கண்ணே. இதை அன்னைக்கே பேசியிருந்தா இவ்ளோ வந்திருக்காது."

"அன்னைக்கு எங்க பேசுறது? வாரா வாரம் அம்மா ஸ்பீக்கர்ல உக்காந்திருப்பாங்க. அப்டேட் வந்தது நல்லதாப் போச்சு."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கையில் பென் டிரைவ். என் தம்பிகள் சமாதானமாகிவிட்டார்கள். அம்மாவுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, அதன் மேல் நின்று கை குலுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

"நல்லதாப் போச்சாடா?" என்றேன்.

சின்னவன் துள்ளித் திரும்பினான். படகு எதிலோ மோதிய சத்தம் கேட்டது. "யாருடா?" என்றான் பெரியவன். "அக்கா" என்றான் சின்னவன், திருடன் மாதிரி விழித்துக்கொண்டு.

"அக்கா, நாங்களே உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தோம்" என்றான் பெரியவன்.

"என்னத்த சொல்லணும்னு இருந்த? என் வீட்டுல யாரு இருக்கணும்னு நீங்க ரெண்டு பேரும் கடல் நடுவுல உக்காந்து முடிவு பண்ணிட்டீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல. பெத்தவளை ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணல. உங்க சத்தம் கேக்கலைன்னு அவ சோறு தண்ணி இறங்காமக் கிடக்கா, தெரியுமா? நான் இதுக்காக நாய் மாதிரி அலைஞ்சிட்டு இருக்கேன். அப்டேட் பண்ணலக்கா, தொடலக்கான்னு என் காதுல பூவா சுத்துறீங்க?"

"அக்கா, கத்தாத. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்றான் சின்னவன்.

"கேக்கட்டும்! நல்லா கேக்கட்டும்!"

அவன் எழுந்து என் பக்கம் வந்தான். குரலைத் தணித்துக்கொண்டு, மிகவும் நியாயமாகப் பேசினான். "சரிக்கா. உனக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிரு. மறுபடியும் முறை போட்டுக்கலாம். அண்ணன் வச்சுக்கட்டும் முதல்ல."

"நான் ஏன்டா முதல்ல?" என்றது ஸ்பீக்கர் உடனே. "பூட்டிட்டுப் போனது நீ."

"நீ நாள் முடியாம கொண்டாந்தது மறந்துபோச்சா?"

அவ்வளவுதான். நிமிடத்தில் பழைய இடத்துக்கே வந்துவிட்டார்கள். அந்தக் குரல் இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். நான் "ஆமாம், கஷ்டம்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், படகு உடையும். அம்மா மறுபடியும் காரில் உட்கார்ந்து, பூட்டிய ஏதோ ஒரு கதவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்தத் தடவை ஏன் என்றும் அவளுக்குத் தெரிந்துபோகும். இது இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துதான் "சொல்லிரு" என்கிறான், படுபாவி.

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றேன். "அவ என் அம்மா. உங்களுக்குத்தான் யாரோ."

சின்னவன் மூச்சு விட்டான். வெட்கமே இல்லாமல் மூச்சு விட்டான். ஸ்பீக்கரிலும் ஒரு மூச்சு கேட்டது. "பென் டிரைவ்ல என்னக்கா, மாட்டா?" என்று கையை நீட்டினான். "குடு, போட்டுக்கலாம். அடுத்த வாரம் மூணு பேரும் ஓட்டலாம்."

"டேய், இப்ப வேணாம்டா" என்றான் பெரியவன். "மாட் போட்டா படகு திணறும். இப்பத்தான் நல்லா ஓடுது."

சின்னவன் நீட்டிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டான். நான் திரும்பி நடந்தேன். அவன் பெண்டாட்டி, "காபியாவது சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணி" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்க்கவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. தெருமுனை வரை அந்தச் சிரிப்பு மறுபடி கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கம்ப்யூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போன் அவள் மடியில். என் முகத்தைப் பார்த்ததும் அவள் முகம் விழுந்துவிட்டது.

"போன் வரலையே. சண்டைதானே? எனக்குத் தெரியும்."

"சண்டை இல்லம்மா."

"எனக்காகச் சொல்லாத."

"உன் மேல சத்தியமாச் சொல்றேன். ரெண்டு பேரும் பேசிக்கிட்டாங்க. நான் போகும்போது சிரிச்சு சிரிச்சுப் பேசிட்டு இருந்தாங்க. நான் நடுவுல இல்லவே இல்ல."

"நீ உன் காதால கேட்டியா?"

"என் காதால கேட்டேன்."

அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். "நீ இல்லேன்னா இது நடந்திருக்காது" என்றாள். "நல்லா இருப்ப. ரெண்டு பேரையும் சேத்து வச்சிட்டியே" என்று என் கன்னத்தைத் தடவினாள். நான் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் அதையும் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேரே தன் அறைக்குப் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தேன். மடித்து வைத்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா பண்ற?"

"அதான் ஒண்ணாயிட்டாங்களே. இனிமே யாரு கோவிச்சுக்கப் போறா? உனக்கும் எவ்வளவு நாள்தான் பாரமா இருக்கறது" என்றாள். "பரண் மேல என் பெட்டி இருக்கும், எடுத்துக் குடு. முதல்ல யார் வீட்டுக்கு வரணும்னு அவங்களையே பேசி ஒரு முடிவு பண்ணச் சொல்லு."